புகையிலைத் தேமல் வைரஸின் புரதங்கள்

புகையிலைத் தேமல் வைரஸ், புகையிலை, தக்காளி, மிளகாய் முதலிய கத்தரிக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் ஓரிழை ஆர்.என்.ஏ. வைரஸ். இதனை 1935இல் வெண்டெல் ஸ்டான்லி படிகமாகப் பிரித்தெடுத்தார். துகள் குச்சி வடிவமானது. நீளம் 300 நானோமீட்டர், விட்டம் 18 நானோமீட்டர். ஏறத்தாழ 6,400 நியூக்ளியோடைடு கொண்ட இதன் மரபுத்தொகுதியிலிருந்து முக்கியமாக நான்கு புரதங்களே உருவாகின்றன. அதனால் ஒவ்வொரு புரதமும் பல வேலைகளைச் சுமக்கிறது.

158 அமினோ அமிலங்களாலான உறைப்புரதத்தின் 2,130 பிரதிகள் ஆர்.என்.ஏ.வைச் சுருளாகப் பொதிந்திருக்கும். இலைக் காயத்தின் வழியே வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும், அங்குள்ள குறைந்த கால்சியம் அளவால் உறையின் ஒரு முனை தளர்கிறது. வெளிப்பட்ட 5′ முனையைச் செடியின் ரைபோசோம் பற்றிப் படித்துக்கொண்டே நகர, எதிர்ப்படும் உறைப்புரதங்கள் உதிர்கின்றன. தொற்றின் மிக வியப்பான கட்டம் இது: வைரஸின் உறையை உரிப்பது செடியின் சொந்த ரைபோசோம்தான்.

முதலில் உருவாவது 126 கிலோடால்டன் புரதம். அதன் முடிவிலுள்ள நிறுத்தக் குறியை ரைபோசோம் இருபதில் ஒன்றிரண்டு தடவை தாண்டிச் சென்றுவிடும். அப்போது 183 கிலோடால்டன் புரதம் கிடைக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிப்பகுதி இந்த நீண்ட புரதத்தில் மட்டுமே உண்டு. டாம்1 என்ற செடிப்புரதத்தின் துணையோடு இரண்டும் செல்லின் உட்சவ்வுகளில் அமர்ந்து வேலை செய்கின்றன. வைரஸை அழிக்கச் செடி ஏவும் குறு ஆர்.என்.ஏ.க்களை முடக்குவதும் 126 புரதமே.

30 கிலோடால்டன் நகர்வுப் புரதம் ஆர்.என்.ஏ.வோடு பிணைந்து, செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டாவின் துளையை அகலப்படுத்தி அடுத்த செல்லுக்கு வழிவிடுகிறது. இதற்கு உறைப்புரதம் தேவையில்லை. ஃபுளோயம் வழியே தொலைவான இலைகளுக்குப் பரவும்போது அது இன்றியமையாதது.

வைரஸால் கைவிட முடியாத இப்புரதங்களையே செடி அடையாளமாகக் கொள்கிறது. நிக்கோட்டியானா குளூட்டினோசா என்ற காட்டுப் புகையிலையின் ‘என்’ மரபணு 126 புரதத்தின் ஹெலிகேஸ் பகுதியை இனங்கண்டு, தொற்றிய செல்களை மடியச்செய்து நோயை ஒரு புள்ளியளவில் நிறுத்துகிறது. வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தக் காப்பு பலிக்காது. தக்காளியின் டிஎம்-2² மரபணு நகர்வுப் புரதத்தை உணர்கிறது. பல பத்தாண்டுகள் நிலைத்த இந்த எதிர்ப்பை முறியடித்தது, 2014–15இல் இஸ்ரேலிலும் ஜோர்தானிலும் தென்பட்ட உறவு வைரஸான தக்காளிப் பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ். நகர்வுப் புரதத்தில் ஏற்பட்ட மாற்றங்களே அதற்குக் கைகொடுத்தன. ஆனால் அதே மாற்றங்களால் செல்லுக்குச் செல் நகரும் அதன் திறன் குறைந்தது.