போகொட மரப்பாலம்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் தேடுவது பெருவழக்கு. மக்கள் நாள்தோறும் நடந்து கடந்த சிறு பாலங்களும் வரலாறு கூறுவனவேயாம். சுவிற்சர்லாந்தின் லூசேர்ண் நகரில், பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த கூரையிட்ட மரப்பாலத்தைக் காணப் பல நாட்டவரும் செல்கின்றனர். அளவிற் சிறியதாயினும் அவ்வினத்தைச் சேர்ந்த நடைபாலமொன்று இலங்கை மலைநாட்டிலும் உண்டு. பதுளைக்கு அண்மையில், கல்லந்த ஓயாவின் மீது நிற்கும் போகொட மரப்பாலமே அது.

அட்டன், நானுஓயா ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் புகையிரதத்தில், பதுளைக்கு முன்னுள்ள ஹாலிஎலயில் இறங்கி அவ்விடத்தை அடையலாம். பள்ளத்தாக்கிலே பழைய குகை விகாரையொன்றும், அதனருகே பாலமும் காணப்படும். பாலம் ஏறத்தாழ 50 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. பதினாறாம் நூற்றாண்டினது என்பர். பலா, மருது முதலிய மரங்களால் ஆயது. பொருத்திய ஆணிகளும் மரத்தாலானவையே. பெரிய அடிமரங்கள் அதனைத் தாங்குகின்றன. இருபுறமும் அழகிய மரக்கிராதிகளும், மேலே கண்டி அரசின் பாணியிலமைந்த ஓட்டுக் கூரையும் உள. இக்கூரை அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. மழை மிகுந்த நாட்டில் நீர் தங்கும் மரம் விரைவில் உளுத்துப்போம். கூரை அதனைத் தடுக்கிறது. பதுளைக்கும் கண்டிக்குமிடையே நடந்த வழிப்போக்கருக்கும் அது நிழலாயிற்று.

1815 இல் கண்டி அரசு பிரித்தானியர் வசமானபின் வழிகளின் நோக்கம் மாறியது. படைகளுக்கும், பின்னர்க் கோப்பி ஏற்றிய வண்டிகளுக்கும் ஏற்ற பெருந்தெருக்கள் எழுந்தன. 1833 இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தாற் கட்டப்பட்ட பாலம் 205 அடி நீளமான ஒரே வளைவாய் நின்று புகழ்பெற்றது. எனினும் 1905 இல் அது அகற்றப்பட்டு, இரும்புப் பாலம் அதனிடத்தைப் பெற்றது. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. பெருவழியில் நின்ற பெரிய பாலம் மறைய, போக்குவரத்துக் குன்றிய பழைய வழியில் நின்ற சிறிய பாலம் எஞ்சியது.

அப்பெருந்தெருக்களாற் பயன்பெற்ற கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். விளைபொருளுக்கு வழி சமைத்த காலம், அதனை விளைவித்தோரின் நடைக்கு நிழல் சமைக்கவில்லை. நடப்போனுக்கும் கூரை வேண்டுமெனக் கருதிய போகொடத் தச்சரின் உள்ளம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

லூசேர்ண் பாலத்தின் பெரும்பகுதி 1993 இல் தீக்கிரையானது. அந்நகரத்தார் மறுவாண்டே பழைய வடிவிற் புதுக்கித் திறந்தனர். மரத்தாலான சின்னங்கள் இடையறாத பேணுதலாலன்றி நிலையா. மலைநாட்டு வரலாறு கற்கும் மாணவர், அரசர் பெயர்களோடு இச்சிறு பாலத்தையும் கண்டறிந்து போற்றுதல் கடனாகும்.