மீன் குளத்து நீர்க்காப்பு: கண்மாய் முதல் பண்ணைக்குட்டை வரை

மீன் வளரும் நீர்நிலை எதிர்பாராமல் வற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. கரை கசியலாம் அல்லது உடையலாம். மூட மறந்த மடை வழியே நீர் போகலாம். பெருமழையில் நீர் மேல்வழிந்து மீனையும் அடித்துச் செல்லலாம். கம்பம் பள்ளத்தாக்கின் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தின் ஓரம் வெட்டிய சிறு குட்டையானாலும், நூற்றுக்கணக்கான ஏக்கருக்குப் பாயும் கண்மாயானாலும் எதிர்பாராத நீர் இழப்பு இந்த மூன்றில் ஒன்றால்தான் நேரும். பாண்டிய நாட்டுக் கண்மாய்களைக் கட்டியவர்கள் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை வகுத்தார்கள். ஒரு பிழையோ ஒருவரின் கவனக்குறைவோ குளம் முழுவதையும் காலியாக்கிவிடாதபடி அமைந்ததே அந்த ஏற்பாட்டின் சிறப்பு.

ஆறும் கண்மாயும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கி வைக்காமல் வேளாண்மை நடப்பதில்லை. வைகைப் படுகையின் நீர்ப்பணிகளுக்குக் கல்வெட்டுச் சான்று பழமையானது. மதுரை அருகே வைகை ஆற்றில் கிடைத்த பாண்டியன் சேந்தனின் வட்டெழுத்துக் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டில் மதகு அமைத்த செய்தியைச் சொல்கிறது. சாத்தூர் வட்டாரத்து எருக்கங்குடிக் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் குளங்கள் அமைத்ததைப் பதிவு செய்கிறது. ஓடைப்பட்டிக்கு அருகிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், இந்தப் பள்ளத்தாக்கும் அந்த ஆட்சிப் பரப்புக்குள் இருந்ததைக் காட்டுகின்றன.

ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் நீர் 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. அதன்பின் ஆற்றை ஒட்டிய வயல்களிலும், கம்பம் வீரப்பநாயக்கன்குளம் போன்ற நீர்நிலைகளிலும் நீர் ஓரளவு உறுதியானது. ஆற்றுப் பாசனத்துக்கு அப்பாலுள்ள தோட்டங்கள் கிணற்றையும் மழையையுமே நம்பியிருந்தன. அங்கே இழந்த நீரை ஈடுசெய்வது எளிதாக இருந்ததில்லை.

கரை

கண்மாய்க் கரை மண்ணால் ஆனது. தாழ்வான பக்கத்தில் பிறைபோல வளைந்து நிற்கும். அலை அரிக்காதபடி உட்சரிவில் அலைகல் பதிப்பார்கள். பல உடைப்புகள் எலியும் நண்டும் குடைந்த வளையில்தான் தொடங்குகின்றன. வளை வழியே ஊறும் நீர் மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லும். துளை அகன்றதும் மேலே நிற்கும் மண் சரிந்து விழும். வெளிச்சரிவில் தெளிந்த நீர் கசிவதைவிடக் கலங்கிய நீர் கசிவது ஆபத்தானது. கரை உள்ளே கரைந்துகொண்டிருப்பதற்கு அதுவே அடையாளம்.

கோடையில் வளைகளை அடைத்துக் கரையை உயர்த்துவதும், மழைக்காலத்தில் முறைவைத்துக் காவல் இருப்பதும் ஊர்க்கடமைகளாக இருந்தன. வீட்டுக்கு ஒருவர் வந்து செய்த இந்தப் பொதுப்பணியே குடிமராமத்து. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரிக்கென்றே ஒரு வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன.

மடை

நீரை வெளியே விடும் மடைதான் மிகுந்த கவனம் பெற்ற பகுதி. பழைய குமிழி மடையில் இரண்டு கல்தூண்கள் குளத்துக்குள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களின் துளை வழியே இறங்கும் தண்டு, அடியிலுள்ள துளையை அடைக்கும். தண்டை எவ்வளவு தூக்கினாலும் துளையின் அளவுக்கு மேல் நீர் போகாது. கரையில் நிற்கும் எவரும் போகிற போக்கில் திறந்துவிடவும் முடியாது. நீந்திச் சென்றுதான் திறக்க வேண்டும். அந்த உரிமையும் பொறுப்பும் நீர்பாய்ச்சி என்ற ஊர்ப் பணியாளரிடம் இருந்தன. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி அளந்தார்கள்.

நீர் போகும் துளையைக் குளத்தின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே வைத்தார்கள். பாசனத்துக்கு எல்லா நீரும் போனபின்பும் ஆழமான பகுதியில் கொஞ்சம் நீர் தங்கும். கால்நடை குடிப்பதும், மீன் பிழைப்பதும் அந்த மிச்சத்தில்தான். விரால், தேளி போன்றவை காற்றையும் சுவாசிக்க வல்லவை. நீர் குறைந்து சேறான நிலையிலும் சில காலம் தாக்குப்பிடித்து, அடுத்த மழையில் குளத்தை மீண்டும் மீனால் நிரப்பும் தாய்மீன்களாக அவை இருந்தன.

ஐரோப்பாவின் மீன் குளங்களிலும் நீரை அளவோடு வெளியே விடும் இதே சிக்கலுக்கு வேறொரு விடை உண்டானது. அங்கே வடிகாலின் முன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எத்தனை பலகை எடுக்கிறார்களோ அந்த உயரம் வரை மட்டுமே நீர் இறங்கும்.

மறுகால்

நிறைந்த குளத்துக்கு மறுகால் வேண்டும். கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய இந்தப் பகுதியைக் கலிங்கு என்றும் சொல்வார்கள். உபரி நீர் இதன் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மழைக்காலம் முடியும் தறுவாயில் கலிங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்து, சற்றுக் கூடுதலாக நீர் தேக்குவது வழக்கம். முன்கூட்டியே அடைத்தால் அடுத்த பெருமழை கரையை உடைக்கும். அடைக்கத் தாமதித்தால் ஓர் அடி நீர் போய்விடும். நாள் பார்த்து அடைப்பது அனுபவம் கோரும் வேலை. மறுகாலில் ஓடும் நீரோடு மீனும் போவதைத் தடுக்க மூங்கில் தட்டியும் வலையும் கட்டினார்கள். தட்டியில் செத்தை அடைத்தால் நீர் ஏறிவிடும் என்பதால் ஆள் நின்று அகற்ற வேண்டியிருந்தது.

மீன் உரிமையும் நீர் உரிமையும்

குளத்து மீனை விற்ற வருவாயைக் குளத்தைப் பராமரிக்கவே செலவிட்டதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. பிற்காலத்தில் இது மீன்பாசிக் குத்தகையாகத் தொடர்ந்தது. இங்கே ஒரு முரண் எழுந்தது. குத்தகைதாரருக்கு நீர் விரைவாக வற்றினால் மீன் பிடிப்பது எளிது. உழவருக்கு நீர் நிற்க வேண்டும். மீனுக்காக மடையைத் திறக்கக் கூடாது என்பது அதனால் ஏல நிபந்தனையாக இடம்பெற்றது. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பகுதிகளில் அறுவடை முடிந்து நீர் குறைந்தபின் நடக்கும் மீன்பிடித் திருவிழா இந்த முரணைத் தீர்க்கும் மரபாகும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசி அனுமதி தரும்வரை எவரும் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு இறங்குவதில்லை. நீரின் வேலை முடிந்த பிறகே மீன் என்ற வரிசையை அது ஊருக்கே நினைவூட்டுகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் குடிமராமத்து தளர்ந்தது. உடைப்பு நேரும் வேளையில் ஊராரை வேலைக்கு அழைக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மரபாக நடந்த பணியைச் சட்டத்தால் முழுமையாக மீட்க முடியவில்லை. தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

வளர்ப்பு மீனின் வருகை

1957-இல் மீன்வள அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி ஊசி மருந்தால் பெருங்கெண்டைகளைச் சினைமுட்டையிடச் செய்தார். அதன்பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைப் பண்ணைகளில் உற்பத்தி செய்து இருப்பு விடும் முறை பரவியது. அதுவரை மீன் பெரும்பாலும் வெள்ளம் கொண்டுவந்த வரவு. இப்போது காசு கொடுத்து வாங்கிய முதல். ஒரு நாள் கவனக்குறைவில் போகும் நீர் ஓராண்டு உழைப்பையும் கொண்டுபோகும் நிலை வந்தது.

பண்ணைக்குட்டை

இன்றைய தோட்டக் குட்டையில் மண்கரையின் இடத்தைப் பெரும்பாலும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு பிடித்திருக்கிறது. கூரான கல், வேர், ஆட்டின் குளம்பு, நண்டு ஆகியவை அதைக் கிழிக்கும். விரிக்குமுன் மண்ணைச் சலித்துப் பரப்புவதும், ஓரத்தை மேலே வெட்டிய குழியில் புதைத்து இறுக்குவதும், சுற்றி வேலியிடுவதும் காப்பு முறைகள். நீர் குறைவது வெயிலாலா ஓட்டையாலா என்பதை அறிய, ஒரு வாளி நீரைக் குட்டையில் பாதி அமிழ வைத்து இரண்டின் மட்டத்தையும் ஒப்பிடலாம். கோடையில் நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஆவியாவது இயல்பு. குட்டை வாளியைவிட வேகமாக இறங்கினால் கசிவு உண்டு. மட்டம் எந்த உயரத்தில் நிலைக்கிறதோ அந்த உயரத்தில் ஓட்டையைத் தேட வேண்டும்.

மடையின் இடத்தில் இப்போது மோட்டாரும் குழாயும் இருக்கின்றன. குழாயின் வெளிவாய் குட்டை நீரைவிடத் தாழ்வாக இருந்தால், மோட்டாரை நிறுத்தியபின்பும் நீர் தானாக இழுபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் தொடங்கினால் விடிவதற்குள் சிறு குட்டை வற்றிவிடும். மீனுக்குத் தேவையான நீர்மட்டத்துக்கு நேரே குழாயில் சிறு துளையிட்டால், நீர் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துபோகும். உறிஞ்சும் வாயை அடியில் கிடத்தாமல், அந்த மட்டத்துக்குக் கீழே இறங்காதபடி கரையிலிருந்து அளவான கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் குமிழி மடையின் கணக்கேதான். மறுகாலுக்கு ஈடாக, கரையின் விளிம்புக்கு ஓர் அடி கீழே அகலமான வழிகுழாய் வேண்டும். அதன் வாயில் கட்டும் வலை, குழாயைவிடப் பல மடங்கு பரப்புள்ள கூடையாக இருந்தால்தான் இலை அடைத்தாலும் நீர் வழியும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கரை, குழாய், வழிகுழாய் மூன்றையும் பார்ப்பது பராமரிப்பின் அடிப்படை.