வளர்க்கும் புரதமே அடக்கவும் செய்கிறது

நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களில் ஒரு வகை டி-அணுக்கள். கிருமிகள் நுழைந்தால் இவை விரைந்து பெருகிப் போரிடுகின்றன. 'பெருகுக' என்ற கட்டளையை அணுவுக்கு அணு கொண்டு செல்பவை எவை? சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்களே. அவற்றுள் ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடத்தில், டி-அணுக்களை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்க்க உதவும் பொருள் ஒன்றைக் கண்டனர். 'டி-அணு வளர்ச்சிக் காரணி' என அழைக்கப்பட்ட அதற்கு 1979-இல் 'இன்டர்லூக்கின்-2' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1983-இல் ஜப்பானில் தானிகுச்சி குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தனர்.

அம்மரபணுவை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? டி-அணுக்கள் பெருகாமல் எலி கிருமிகளுக்கு இரையாகும் என்றுதானே நீங்களும் எண்ணுவீர்கள்? 1993-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹோராக் குழுவினர் வெளியிட்ட முடிவு நேர்மாறானது. டி-அணுக்கள் அடங்காமல் கிளர்ந்தெழுந்தன; எலிகளின் பெருங்குடல் புண்ணாயிற்று. ஒன்பது வாரங்களுக்குள் ஏறத்தாழப் பாதி எலிகள் மாண்டன!

இப்புதிருக்கு விடை காண 1995-இல் வழி பிறந்தது. டி-அணுக்களுள் ஒரு சிறு பிரிவு மற்றவற்றை அடக்கி வைக்கிறது என்று ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவ்வணுக்களை அவர் இனங்கண்ட அடையாளம் எது தெரியுமா? இன்டர்லூக்கின்-2-ஐப் பற்றும் ஏற்பியின் ஒரு பகுதியே! இந்த ஒழுங்குபடுத்தும் அணுக்கள் அப்புரதத்தைத் தாமே உண்டாக்குவதில்லை. போரிடும் அணுக்கள் சுரப்பதைப் பெற்றே வாழ்கின்றன. போர் முற்ற முற்ற, அதை அடக்குவோருக்கும் உணவு பெருகுகிறது. தேருக்கு வடம் எவ்வளவு தேவையோ, முட்டுக்கட்டையும் அவ்வளவு தேவை. இங்கே வடம் இழுப்பவர்களே முட்டுக்கட்டையையும் எடுத்துத் தருகிறார்கள்!

இதனால் மருத்துவத்தில் அளவே முதன்மை பெறுகிறது. 1992-இல் அமெரிக்காவில், உடலில் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இப்புரதத்தை மிகுந்த அளவில் செலுத்த அனுமதி தரப்பட்டது. நோக்கம், போரிடும் அணுக்களைத் தூண்டுவது. 2011-இல் வெளிவந்த ஆய்வுகளோ, குறைந்த அளவில் கொடுத்தால் அடக்கும் அணுக்களே பெருகுவதைக் காட்டின. சிறிதளவையும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றில் நிறைந்திருப்பதே காரணம். எலும்பு மச்சை மாற்றத்திற்குப் பின், புதிய அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கிய சிலருக்கு இம்முறை பயனளித்தது.

அடக்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக, சகாகுச்சி 2025-இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டதோடு ஆய்வு நின்றிருந்தால், அப்புரதத்தின் மறுபாதி வேலை நமக்குத் தெரியாமலே போயிருக்கும் அல்லவா?