மேகத்தைத் துளைக்கும் கண்

கழக்கூட்டத்தை அடுத்த தும்பாவில் 1963இல் ஏவப்பட்ட ராக்கெட்டைப் பலரும் அறிவர். 1970இல் பிஷரோட்டி குழுவினர் கேரளத் தென்னைகளின் வேர்வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவுசெய்தது அத்தனை பேசப்படுவதில்லை. இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் அது. ஆனால் படச்சுருள் மேகத்தைத் துளைக்காது. வெள்ளமோ மேகத்தோடுதான் வரும்.

ரேடாருக்கு அத்தடையில்லை. விமானம் பறந்தபடி பெறும் எதிரொலிகளைக் கோத்தால் சிறு ஆண்டெனாவும் நெடியதாகச் செயல்படும். 1951இல் அமெரிக்கரான கார்ல் வைலி கண்ட வழி இது. ஆண்டெனா குறுகினால் கற்றை விரியும், தரையின் ஒவ்வொரு புள்ளியும் நெடுநேரம் அதற்குள் நிற்கும், படம் கூர்மையாகும். தொலைநோக்கியின் விதிக்கு நேர்மாறு! கூர்மையின் எல்லை, ஆண்டெனா நீளத்தில் பாதி.

2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோள் 6 மீட்டர் ஆண்டெனாவைச் சுமந்தது. 2018 பெருவெள்ளத்தின்போது அது செயலிழந்திருந்தது. மூழ்கிய கேரளத்தை வரைபடமாக்க ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் உதவின.