யோஹான் ஸ்வேர்ட்ரூப்

யோஹான் ஸ்வேர்ட்ரூப் (1816–1892) நோர்வே அரசியல்வாதி, வழக்கறிஞர், பிரதமர். அந்நாட்டு நாடாளுமன்ற ஆட்சிமுறையின் தந்தை எனப்படுபவர்.

டென்ஸ்பெர்க் நகரை அடுத்த யார்ல்ஸ்பெர்க்கில் பிறந்தார். தந்தை அங்கே வேளாண்மைப் பள்ளி நடத்தியவர். பெரியப்பா கெயோர்க், 1814இல் அரசியலமைப்பை இயற்றிய எய்ட்ஸ்வோல் அவையின் உறுப்பினர். சட்டம் படித்து லார்விக்கில் வழக்கறிஞராக இருந்த யோஹான், 1851இல் நாடாளுமன்றமான ஸ்டூர்டிங்குக்குள் நுழைந்தார். வழக்கறிஞர்களை ஒன்றுதிரட்டிக் கட்சி கட்டும் முதல் முயற்சி பலிக்கவில்லை. எண்ணிக்கை பலம் குடியானவர்களிடமே இருந்தது. அவர்களின் தலைவர் சோரென் யாபெக்குடன் கைகோத்த பிறகே அவர் கை ஓங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடிய அவை ஆண்டுதோறும் கூட வேண்டும் என்ற திருத்தம் 1869இல் நிறைவேறியது.

அடுத்த மோதல் நேரே அரண்மனையோடு. நோர்வே அப்போது சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இருந்தது. மன்னர் அமர்த்திய அமைச்சர்கள் அவை விவாதங்களில் பங்கேற்பதில்லை; ஆகவே அவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கவும் வழியில்லை. அவர்களை அவைக்கு வரவைக்கும் திருத்தம் 1872இல் நிறைவேறியும் மன்னர் இசைவு தரவில்லை. 1874, 1877, 1880 ஆகிய ஆண்டுகளிலும் அதே கதை. சாதாரணச் சட்டங்களை மன்னர் தள்ளிப்போடலாம் என்று சொன்ன அரசியலமைப்பு, அதன் திருத்தங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகவே படித்தன. 1880 ஜூன் 9 அன்று, மன்னரின் இசைவு இல்லாமலேயே திருத்தம் செல்லும் என அவை அறிவித்தது. அதை நடைமுறைப்படுத்த மறுத்த பிரதமர் செல்மர் மீது அரசுக் குற்ற விசாரணை மன்றத்தில் வழக்கு நடந்தது. 1884 பிப்ரவரியில் பதவி பறிபோனது. மன்னர் இரண்டாம் ஆஸ்கர் வேறு வழிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, ஜூன் 26 அன்று ஸ்வேர்ட்ரூப்பை ஆட்சியமைக்க அழைத்தார். அவ்வாண்டு ஜனவரியில் உருவான வென்ஸ்த்ரே கட்சியின் முதல் தலைவரும் அவரே.

அவர் ஆட்சியில் வாக்குரிமை விரிவானது. நாட்டுப்புற வழக்குகளிலிருந்து உருவான லான்ட்ஸ்மோல் மொழி, 1885இல் டேனிய எழுத்துமொழிக்கு இணையான தகுதி பெற்றது. 1887இல் ஜூரி முறை வந்தது. ஆனால் போராட்டத்தில் காட்டிய உறுதி ஆட்சியில் இல்லை. நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் ஷெல்லான்ட்டுக்கு அரசு உதவித்தொகை தரும் யோசனையைச் சமயப் பற்றாளர்கள் எதிர்த்தபோது அரசு தடுமாறியது. கவிஞர் பியோர்ன்சன் போன்ற பழைய ஆதரவாளர்களே பகையானார்கள். 1888இல் கட்சி ‘தூய’, ‘மிதவாத’ அணிகளாக உடைந்தது. அமைச்சரவை அவையின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும் என்று வாதாடியவர், அந்த நம்பிக்கையை இழந்து 1889 ஜூலையில் பதவி விலகினார். பழமைவாதியான எமில் ஸ்டாங் பிரதமரானார்.

ஸ்வேர்ட்ரூப் 1892 பிப்ரவரியில் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஒஸ்லோ) இறந்தார். வடகடலில் 2019இல் உற்பத்தி தொடங்கிய பெரிய எண்ணெய் வயலுக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது.