வீட்டைப் பார்த்துக்கச் சொல்லிட்டு சம்பளத்தை இழுத்தடிக்கிறாங்களா? சாவியைப் பிடித்து வைக்காமல் பணத்தை வாங்கும் வழி

"ஒரு மாசம் வீட்டைப் பார்த்துக்கோம்மா, ஊர்லேர்ந்து வந்ததும் மொத்தமா கொடுத்துடுறோம்."

கோடை விடுமுறை வந்துவிட்டால் மதுரையில் கே.கே.நகர், அண்ணா நகர், எஸ்.எஸ்.காலனி, திருநகர் பக்கம் இந்தப் பேச்சு சகஜம். பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ கிளம்புகிறவர்கள், வீட்டைப் பூட்டிப் போட பயந்து, தெரிந்தவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒத்தக்கடை, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தோட்ட வீடுகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

ராத்திரி காவலுக்குப் படுக்க வேண்டும். காலையில் மோட்டார் போட்டு தொட்டி நிரப்ப வேண்டும். செடிக்குத் தண்ணி, நாய்க்குச் சோறு, வர்ற கூரியரை வாங்கி வைப்பது எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இருக்காது. வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பிக்கும். "சும்மா வந்து படுத்துட்டுப் போனதுக்கு இவ்வளவா?", "கரண்ட் பில் ஏறியிருக்கே", "அடுத்த மாசம் பார்க்கலாம்."

இப்படிப்பட்ட சூழலில் பணத்தை எப்படிக் கேட்பது? சட்டம் யார் பக்கம்? எந்த அலுவலகத்துக்குப் போவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எழுதி வாங்கவில்லையே, கேட்க உரிமை உண்டா?

உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வேலை இது, கூலி இவ்வளவு என்று இருவரும் மனமொத்துப் பேசியிருந்தால் போதும். பத்திரம் இல்லை என்பதால் சம்பளம் இல்லை என்று ஆகிவிடாது.

பேசாமல் செய்த கூடுதல் வேலைக்கும் இதே சட்டத்தின் 70-வது பிரிவு கைகொடுக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக நியாயமான ஒரு வேலையைச் செய்து, அந்த இன்னொருவர் அதன் பலனை அனுபவித்திருந்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்பது இந்தப் பிரிவு. முப்பது நாளில் வருவதாகச் சொன்னவர் பன்னிரண்டு நாள் தள்ளி வந்தால், அந்தப் பன்னிரண்டு நாளுக்கும் கூலி கேட்பது பேராசை ஆகாது.

பணம் வர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம் என்கிறது காலவரையறைச் சட்டம், 1963. "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று தள்ளிக்கொண்டே போவதைக் கேட்டுச் சும்மா இருப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

முதல் வேலை: கணக்கை எழுதுங்கள்

கோபமாகப் பேசுவதற்கு முன்னால் ஒரு பேப்பரில் கணக்கு எழுத வேண்டும். ஓர் உதாரணம். ஏப்ரல் 10 முதல் 30 நாள், நாளுக்கு ₹350 என்று பேச்சு. வீட்டுக்காரர் வந்ததோ மே 21-ம் தேதி இரவு.

- பேசிய 30 நாள்: ₹10,500
- கூடுதலாக 12 நாள்: ₹4,200
- கைக்காசு போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்தது: ₹850
- நாய்க்கு வாங்கிய தீவனம்: ₹1,200
- மொத்தம்: ₹16,750
- அட்வான்ஸ் ₹4,000, நடுவில் ஜிபேயில் வந்தது ₹2,000, ஆக வாங்கியது: ₹6,000
- பாக்கி: ₹10,750

இந்தக் கணக்கோடு ஜிபே ரசீது, கடை பில், வாட்ஸ்அப் மெசேஜ், போன் அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். "தண்ணி போட்டாச்சா?" என்று வீட்டுக்காரர் அனுப்பிய ஒரு மெசேஜ்கூட, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அசல் மெசேஜை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்ட அதற்கான சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். போன் கையில் இருந்தால் அது சுலபம்.

இரண்டாவது: பேச்சு, ஆனால் எழுத்தில்

இந்த வேலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், சொந்தக்காரர், இல்லையென்றால் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். "எப்படிக் கேட்கிறது?" என்ற கூச்சத்திலேயே பாதிப் பணம் போய்விடுகிறது. நேரில் வாய்ச்சண்டை போடுவதைவிட, மரியாதையான ஒரு மெசேஜ் நல்லது.

"அக்கா, வணக்கம். ஏப்ரல் 10-லேர்ந்து மே 21 வரைக்கும் 42 நாள் வீட்டைப் பார்த்துக்கிட்டேன். கணக்கு அனுப்பியிருக்கேன். பாக்கி ₹10,750. வர்ற 15-ம் தேதிக்குள்ள போட்டுவிட்டீங்கன்னா உதவியா இருக்கும். கணக்குல ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க."

இதில் தேதி, தொகை, கெடு மூன்றும் இருக்கின்றன. "அடுத்த மாசம் தர்றேன்மா" என்று பதில் வந்தால், பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

வழக்கமான சாக்குகளும் பதில்களும்

"தங்க இடம் கொடுத்தோமே?" - காவலுக்குப் படுப்பதுதான் வேலையே. தங்குவதற்குக் கூலியில் கழிப்போம் என்று முன்கூட்டியே பேசியிருந்தால்தான் அது கணக்கில் வரும்.

"சாமான் உடைஞ்சிருக்கு, செடி காய்ஞ்சிருக்கு." - உங்கள் கவனக்குறைவால் உண்மையிலேயே நஷ்டம் என்றால், அதன் மதிப்பை அவர் கேட்கலாம். ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ₹500 தொட்டிக்கு ₹5,000 பிடிப்பது செல்லாது. நியாயமான தொகை என்றால் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பதே பேச்சை முடிக்கும் குறுக்கு வழி.

"பாதி வாங்கிக்கிட்டு முடிச்சுக்கோ." - இங்கேதான் ஜாக்கிரதை. குறைந்த தொகையை முழுப் பணமாக ஏற்றுக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இடம் தருகிறது. ஆகவே "செட்டில் ஆயிடுச்சு" என்று ஒரு மெசேஜ் போட்டால் மீதியைக் கேட்பது கஷ்டம். பாதிதான் கையில் வந்தது என்றால் "₹5,000 கிடைத்தது, பாக்கி ₹5,750" என்று பதில் எழுதுங்கள். பணம் அக்கவுன்டில் ஏறுவதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்றாவது: ஒரு கடிதம்

கெடு தாண்டியும் பணம் வரவில்லையா? அதே கணக்கைக் கடிதமாக எழுதி அனுப்பலாம். பழைய பதிவுத் தபால் சேவை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே ஸ்பீடு போஸ்ட்டில், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். ரசீதையும் கடித நகலையும் பத்திரமாக வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் இன்னும் வலு. வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாதவர்களுக்கு அடுத்த வழி இருக்கிறது.

நான்காவது: சட்டப்பணிகள் ஆணைக்குழு

சில ஆயிரம் ரூபாய்க்காக கோர்ட் வாசலில் நிற்க முடியுமா என்று நினைப்பவர்களுக்கான இடம் இதுதான். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுக்கள் உள்ளன. இலவச சட்ட உதவிக்கான தேசிய எண் 15100.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவுப்படி, பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழ் உள்ளவர்கள் உள்ளிட்டோருக்கு வக்கீல் இலவசம். பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

வழக்குப் போடுவதற்கு முன்பே இங்கே மனு கொடுத்து, பிரச்சினையை லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒரு தொகைக்குச் சம்மதித்தால், அந்தத் தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை. ஒரே ஒரு வரம்பு: எதிர்த்தரப்பு வரவில்லை, வந்தும் சம்மதிக்கவில்லை என்றால், லோக் அதாலத் தானாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதன் பிறகு சிவில் கோர்ட்தான்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தாலும் வழக்கை மதுரையிலேயே போடலாம். வேலை நடந்த இடம், பணம் தர வேண்டிய இடம் மதுரை என்றால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு அதற்கு வழிவிடுகிறது.

ஏஜென்சி மூலம் போனவர்களுக்கு

வீட்டுக்காரர் நேரடியாக வேலைக்கு வைத்தாரா, செக்யூரிட்டி ஏஜென்சி அனுப்பியதா என்பதைப் பொறுத்து வழி மாறும். ஏஜென்சி என்றால் சம்பளம் தர வேண்டியது அந்த ஏஜென்சி. "பார்ட்டி இன்னும் எங்களுக்கே கொடுக்கலை" என்ற பதில் எடுபடாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-ன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ 2 வேலை நாட்களுக்குள் பாக்கி தீர்க்கப்பட வேண்டும். புகார் போனால், சம்பளம் கொடுத்துவிட்டதாக நிரூபிக்க வேண்டியது முதலாளி. இதற்காக மதுரையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.

நேரடியாக வீட்டுக்காரர் வைத்த வேலைக்கு நிலைமை வேறு. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை விலக்கிவிட்டது. அதனால் தொழில் தகராறு என்று போக முடியாது. மேலே சொன்ன ஒப்பந்தச் சட்ட வழிதான் இவர்களுக்குப் பலம். வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் பற்றிப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே சேவையைப் பெற்றவர்தான் புகார் கொடுக்க முடியும். வேலை செய்தவருக்கு அந்தக் கதவு இல்லை.

செய்யவே கூடாதவை

"பணத்தை வை, சாவியைத் தர்றேன்." கோபத்தில் வரும் இந்த ஒரு வார்த்தை, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஆட்டத்தை மாற்றிவிடும். சம்பள பாக்கி சிவில் விவகாரம். சாவியையோ பொருளையோ பிடித்து வைத்தால், நம்பிக்கை மோசடி என்று வீட்டுக்காரர் போலீஸுக்குப் போக வாய்ப்பு தருகிறீர்கள். பணம் கேட்டுப் போனவர் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும்.

வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்று உட்காருவதும் உதவாது. கோவாவில் ஒரு வீடு தொடர்பாக சகோதரிக்கும் சகோதரருக்கும் நடந்த மரியா மார்கரிடா வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர், காவலாளி, வேலைக்காரர் எத்தனை வருஷம் அங்கே இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை வராது. உரிமையாளர் கேட்டதும் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் இந்தத் தீர்ப்பில் ஒரு சேதி இருக்கிறது. "எழுதிக் கொடுத்தா நாளைக்கு வீட்டுல பாத்தியதை கேட்டுடுவாங்க" என்ற பயத்திலேயே பலர் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுப்பதில்லை. பார்த்துக்கொள்பவர் என்று குறிப்பிட்டுச் சம்பளச் சீட்டு கொடுப்பது உண்மையில் வீட்டுக்காரருக்கே பாதுகாப்பு.

எனவே சாவியை மட்டும் உடனே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது "சாவி 3, சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதி கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், வீட்டை ஒரு வீடியோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். பின்னால் "நகையைக் காணோம்" என்ற பேச்சு வந்தால் அதுதான் கவசம்.

அடுத்த முறை சாவியை வாங்கும் முன்

ஒரு வெள்ளைத் தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை:

- எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாளுக்கு எவ்வளவு
- தள்ளி வந்தால் கூடுதல் நாளுக்கு எவ்வளவு
- என்னென்ன வேலை: காவல் மட்டுமா, செடி, நாய், பெருக்குவது எல்லாம் சேர்த்தா
- ரிப்பேர், தீவனச் செலவு யாருடையது
- அட்வான்ஸ் எவ்வளவு, மீதி என்றைக்கு
- முதல் நாள் மின் மீட்டர் ரீடிங்

இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். எழுதக் கூச்சமாக இருந்தால், இதையே மெசேஜாக அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கினாலும் போதும். ஒரு மாதத்துக்கு மேல் போகும் வேலை என்றால் வாராவாரம் கணக்குத் தீர்த்துவிடுவது நல்லது. மொத்தமாகச் சேர்த்து வைக்கும் சம்பளத்தில்தான் வழக்கும் சேர்ந்து வளர்கிறது.

தொடர்ந்து வீட்டு வேலை செய்கிறவர்கள், 2007-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சம்பள பாக்கியை வாரியம் வசூலித்துத் தராது. ஆனால் நலத்திட்ட உதவிகளோடு, இதுதான் தன் தொழில் என்று காட்ட ஓர் அட்டையும் கையில் இருக்கும்.