ஒரே ஆலயம், இரண்டு தாய்ச்சபைகள்



பிள்ளைகளே, அப்பாவைப் பெற்ற பாட்டி ஒருவர், அம்மாவைப் பெற்ற பாட்டி ஒருவர். இரண்டு வீட்டுக்கும் நீங்கள் சொந்தம். ஒரு ஆலயமும் அப்படி இரண்டு சபைப்பிரிவுகளுக்குச் சொந்தமாக இருக்க முடியுமா? முடியும். அதைக் கூட்டுச்சபை என்று சொல்லலாம். மக்கள் ஒன்றாக ஆராதிப்பார்கள். ஆனால் இரண்டு தாய்ச்சபைகளின் பெயரும் உறவும் அப்படியே இருக்கும். நான் இரண்டு நாட்டு நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்தவள். பதிவேடு இரண்டு, நோயாளியைத் தொடும் கை ஒன்றுதான்.

சொல்வது எளிது. ஞானஸ்நானம் என்று வரும்போதுதான் சிக்கல். மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும். பாப்டிஸ்ட் சபையோ, தானே விசுவாசித்து அறிக்கை செய்பவருக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும். பாப்டிஸ்ட் வீட்டுப் பெண் மெத்தடிஸ்ட் வீட்டுக்கு மருமகளாகப் போனால், முதல் பிள்ளை பிறந்ததும் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும்.

நம் நாட்டின் சுவிசேஷ வரலாற்றிலும் முதல் பக்கத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. அதோனிராம் ஜட்சனும் மனைவி ஆன் அம்மையாரும் 1812 பிப்ரவரியில் அமெரிக்காவில் கப்பலேறியபோது காங்கிரிகேஷனல் சபையார். பயணத்தில் வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, செப்டம்பர் 6 அன்று கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அதனால் தங்களை அனுப்பிய மிஷன் சங்கத்தை விட்டு விலகினார்கள். 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் இறங்கினார்கள். அவர்கள் விட்டுவந்த அதே சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் தமிழர் நடுவே ஊழியம் தொடங்கியது. ஒரே வாசலில் புறப்பட்டவர்கள் இரண்டு வழியாகப் போனார்கள்.

பிரிந்தவர்களைச் சேர்க்கும் வேலையில் தமிழர் முன்னே நின்றார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா அவர்களில் முக்கியமானவர். வெளிநாட்டார் கொண்டுவந்த பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பேச்சுவார்த்தை 28 ஆண்டு நீண்டது. அசரியா 1945-இல் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றுபட்டிருந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையார் இணைந்தார்கள். யாழ்ப்பாணச் சபைகளும் அதில் சேர்ந்தன. பாப்டிஸ்டுகள் சேரவில்லை.

1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது, பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியினரும் வந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகளின் ஞானஸ்நானம் இரண்டும் அங்கே ஏற்கப்பட்டன. ஜட்சனைத் தம் சங்கத்திலிருந்து பிரித்த காரியம், 158 ஆண்டுகளுக்குப் பின் ஒரே திருச்சபைக்குள் இடம் பெற்றது.

இந்த இரண்டிலும் பழைய சபைகள் ஒரே திருச்சபையாகிவிட்டன. பழைய பெயர்களை வைத்துக்கொண்டே ஒன்றாக வாழும் கூட்டுச்சபைக்கு, நான் நர்ஸ் படிப்புப் படித்த இங்கிலாந்தில் எடுத்துக்காட்டு உண்டு. சபைகள் ஆலயங்களைப் பகிர்ந்துகொள்ள 1969-இல் அங்கே சட்டமே வந்தது. மில்டன் கீன்ஸ் நகரில் 1992-இல் திறக்கப்பட்ட ஆலயத்துக்கு, மூலைக்கல்லாகிய கிறிஸ்துவின் பெயர். ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட், ஐக்கிய சீர்திருத்தச் சபை ஆகியவற்றோடு ரோமன் கத்தோலிக்கரும் அதில் பங்காளிகள்.

பிரியமானவர்களே, யோவான் 17-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கும்படி ஜெபித்தார். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும்படி அல்ல. சிறுபான்மையிலும் சிறுபான்மையான தமிழ்ச் சபையாராகிய நாம் பிரிந்து நின்றால், தமிழில் ஜெபிக்க நம் பிள்ளைகளுக்கு இடம் இராது. உங்கள் வீட்டு மருமகள் வேறு சபையிலிருந்து வந்தவளானால், அவள் தாய்ச்சபையைக் குறைவாகப் பேசாதிருங்கள். அவள் பிள்ளைக்கு அதுவும் பாட்டி வீடு.